தென்காசியிலிருந்து ஈசூனுக்கு வேன் அனுப்பிய கதை

ஈசூன் ஸ்திரீட் 61இல் காலை 10 மணிக்கு ஒரு வீட்டில் ஏர்கான் சர்வீஸ். அடுத்தது ஜூரோங் வெஸ்ட், 11.30. அதற்கு அடுத்தது மறுபடியும் ஈசூன், 1.30. மூன்றும் ஒரே வேனுக்கு, ஒரே நாளில். வேன் ஓட்டும் தம்பி காலையில் பட்டியலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டான். "அண்ணே, இது ஜாப் லிஸ்ட்டா, சிங்கப்பூர் சுத்திக் காட்டுற டூரா?"

பட்டியல் போட்டவர் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறார். சிங்கப்பூருக்கு வந்ததே இல்லை. வரைபடத்தில் பார்த்திருக்கிறார், ஈசூனுக்கும் ஜூரோங் வெஸ்ட்டுக்கும் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தென்காசியிலிருந்து கடையநல்லூர் போகிற மாதிரிதானே, அரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டார். ஈசூன் வீட்டில் இருப்பது சிஸ்டம் 3. வெளியே ஒரு கம்ப்ரசர், உள்ளே மூன்று அறைக்கு மூன்று யூனிட். சாதாரண சர்வீஸுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு ஏணியையும் வேக்குவத்தையும் லிஃப்டில் இறக்கி, கார்நிறுத்தத்திலிருந்து வேனை எடுத்து விரைவுச்சாலைக்குள் நுழைவதற்குள்ளேயே 11.30 ஆகிவிடும்.

திட்டி ஒரு செய்தி டைப் செய்தேன். அனுப்பப் போகும்போது, நான் அவருக்கு முன்னால் என்ன சொல்லியிருந்தேன் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். "பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வீடுகளைச் சேர்த்துப் போடுங்கள்." அவ்வளவுதான். எது பக்கம், எது தூரம் என்று ஒரு வார்த்தை இல்லை. டைப் செய்ததை அழித்துவிட்டு, ஜூரோங் வாடிக்கையாளருக்கு நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் ஏர்கான் சர்வீஸ் செய்கிறவர்கள். மூன்று வேன், காக்கி புக்கிட்டில் ஒரு சின்னக் கிடங்கு, என்னையும் சேர்த்து எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் மலேசியத் தமிழர்கள், விடியற்காலையில் ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருகிறவர்கள். அலுவலக வேலை முழுவதையும் என் மனைவி பார்த்துவந்தார். 2023இல் மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பகல் முழுக்க மனைவி அங்கே இருக்க வேண்டிய நிலை. போனும் நோட்டும் என் கைக்கு வந்தன. பகலில் ஏணியில் நிற்பேன், இரவில் வாட்ஸ்அப்பில் உட்காருவேன். "கேன் கம் டுமாரோ?" "அங்கிள், மாஸ்டர் ரூம் லீக்கிங் லா" என்று இரவு 11 மணிக்கும் செய்தி வரும். பதில் போடாவிட்டால் விடிவதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

இங்கேயே ஓர் ஆளை எடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தோம். முழுநேரத்துக்கு 2,400 வெள்ளி சம்பளம் என்று வைத்தால், அதற்கு மேல் முதலாளி பங்காக மத்திய சேமநிதிக்கு 17 விழுக்காடு, 408 வெள்ளி. அது நியாயமான செலவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் இருந்தது ஒரு நாளைக்கு நாலு மணி நேர வேலை. மீதி நேரம் அந்த ஆள் கிடங்கில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் அழைக்கலாம் என்றால், சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காடுதான் அனுமதி. எட்டுப் பேர் இருக்கிற கடைக்கு அந்தக் கணக்கு பூச்சியத்தில் நிற்கும். பகுதிநேரத்துக்கு இரண்டு மாணவர்களை வைத்தோம். பரீட்சை வந்ததும் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் தூரத்திலிருந்து வேலை செய்கிற ஆள் என்ற யோசனை வந்தது. முதல் தடவை தலைகீழாக இறங்கினேன். ஒரு ஏஜென்சி, மாதம் 80 மணி நேரத்துக்கு ஒரு தொகை, முன்பணம். வாட்ஸ்அப், ஈமெயில், எக்செல், எல்லாக் கடவுச்சொல்லும் முதல் நாளே கொடுத்தேன். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். ஒன்பதாவது நாள் ஆள் மாறினார். மூன்றாவது வாரம் இன்னொருவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் கெமிக்கல் வாஷ் என்றால் என்ன, ஜெனரல் சர்வீஸ் என்றால் என்ன என்று அ, ஆவிலிருந்து தொடங்கினேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், ஆள் இல்லாமல் இருந்தபோது செய்ததைவிட நான் அதிகம் வேலை செய்திருந்தேன். சொல்லாமல் ஆளை மாற்றியது அவர்கள் தப்பு. ஆனால் நானும் அவர்களிடம் வேலை என்று எதையும் கொடுக்கவில்லை, என் தலைவலியைத்தான் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் தேக்காவில் ஒரு நண்பரோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். துணைப்பாட நிலையம் நடத்துகிறார். கேள்வித்தாள் டைப் செய்ய ஊரில் ஓர் அம்மாவை வைத்திருக்கிறார், பல வருடமாக. நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சின்னதா ஒண்ணு குடுத்துப் பாரு. அவங்களுக்கு வேலை தெரியுதான்னு பாக்க இல்ல. உனக்குக் குடுக்கத் தெரியுதான்னு பாக்க."

சுருக்கென்றுதான் இருந்தது.

எதைக் கொடுப்பது என்று இரண்டு வாரம் யோசித்தேன். வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலை வேண்டாம், தப்பு நடந்தால் நேராக அவர்கள் முகத்தில் போய் விழும். பண வேலை வேண்டாம். வாராவாரம் வருகிற வேலையாக இருக்க வேண்டும், நான் பத்து நிமிடத்தில் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அப்படிச் சலித்ததில் மிஞ்சியது மூன்று மாத நினைவூட்டல் பட்டியல். எங்கள் தொழிலில் அதுதான் சோறு. ஒருவர் வீட்டுக்குப் போய் வந்தால் மூன்று மாதத்தில் அவரை மறுபடி அழைக்க வேண்டும். எங்களிடம் அறுநூற்றுச் சொச்சம் பேர். யாருக்கு எப்போது என்பது பாதி எக்செல்லில், பாதி நோட்டில், மீதி என் மனைவியின் ஞாபகத்தில்.

அதிலிருந்து 40 வரிகளை எடுத்தேன். போன் எண்களையும் பெயர்களையும் மாற்றினேன். தெரிந்தவர்கள் வழியாக வந்த மூன்று பேருக்கு அதே 40 வரிகளைக் கொடுத்து, அடுத்த சர்வீஸ் தேதியை நிரப்பித் தரச் சொன்னேன். ஆளுக்கு 1,000 ரூபாய், வேலை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். இந்தக் காசு கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: "சாம்பிள்" என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குகிறவர்கள் நிறைய. நல்ல ஆள் அதிலேயே விலகிக்கொள்வார், மிஞ்சுகிறவர்கள் வேறு வழி இல்லாதவர்கள். மூன்று ஆயிரம் ரூபாய் என்பது அன்றைக்கு ஐம்பது வெள்ளி. தப்பான ஆளை ஒரு மாதம் வைத்துக்கொண்டு நான் இழந்தது அதைப் போலப் பல மடங்கு.

ஒருவர் இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். கலர் எல்லாம் போட்டு, பார்க்கவே அழகாக இருந்தது. இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. மூன்றாமவர், தென்காசிக்காரர், முதல் நாள் வேலையை அனுப்பவில்லை, 14 கேள்விகளை அனுப்பினார். "சார், 17ஆவது வரியில் 30 பிப்ரவரி என்று இருக்கிறது. 28ஆ, மார்ச் 2ஆ?" "எஸ்3 சிடபிள்யூ1 என்றால் மூன்று யூனிட்டில் ஒன்றுக்கு மட்டும் கெமிக்கல் வாஷ் என்று எடுத்துக்கொள்ளலாமா?" "இரண்டு பேருக்கு ஒரே முகவரி. கணவன் மனைவியா, வீடு கைமாறிவிட்டதா?"

30 பிப்ரவரி நான் வைத்த பொறி இல்லை. நான் டைப் செய்த லட்சணம் அது. முதலில் அனுப்பியவரின் தாளைத் திறந்து அதே வரியைப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் 28 என்று மாற்றியிருந்தார். உண்மையில் நோட்டில் இருந்தது 20. யாரை எடுப்பது என்று அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவர் பி.காம் படித்தவர், கைக்குழந்தை இருப்பதால் வெளியே வேலைக்குப் போக முடியாத நிலை. ஸோஹோ 2011இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்ததிலிருந்து, ஊரிலிருந்தபடியே கணினி வேலை பார்ப்பதை அங்கே யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை என்றார். நம்மை விட அவர்கள் நேரம் இரண்டரை மணி பின்னால். அவருக்குக் காலை 7 மணி என்றால் நமக்கு 9.30. குழந்தை தூங்குகிற நேரம், அவருடைய மாமியார் வீட்டில் இருக்கிற நேரம் எல்லாம் பார்த்து, நம் நேரம் 9.30 முதல் 1.30 வரை என்று வைத்தோம். அவர் என்னை சார் என்பார், என் மனைவியை அக்கா. நான் தங்கச்சி என்பேன். சாரை விட்டுவிட்டு அண்ணன் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை, விட்டுவிட்டேன்.

முதல் மாதம் வாரத்துக்கு ஐந்து மணி நேரம், பட்டியல் வேலை மட்டும். இந்த ஒரு மாதம் எனக்குத்தான் பள்ளிக்கூடம். வேலையைச் செய்யும்போதே கணினித் திரையைப் பதிவு செய்து, தமிழில் பேசிக்கொண்டே போவேன். "இதைப் பார், இங்கே இப்படி இருந்தால் இந்தப் பக்கம் போ" என்று. எழுதச் சொன்னால் எனக்கு வராது, பேசச் சொன்னால் நிற்காது. பத்து நிமிடப் பதிவைக் கேட்டு அவர் ஒரு கோப்பாக எழுதி வைப்பார், நான் படித்துத் திருத்துவேன். புதிதாக வருகிற ஆளையே எழுத வைப்பது நல்லது என்று இப்போது யாரிடமும் சொல்வேன். நமக்குச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றுகிற இடத்தில்தான் அவர்களுக்குக் கால் இடறும், அது நமக்குக் கண்ணில் படாது.

மூன்றாவது மாதம் வேன் அட்டவணையைக் கொடுத்தேன். அப்போதுதான் அந்த ஈசூன், ஜூரோங் சுற்றுலா. அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. "ஜூரோங் அவென்யூ 1" என்று எழுதி நம் ஆட்களை ஜூரோங் ஈஸ்ட் அவென்யூ 1க்கு அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருந்தது ஜூரோங் வெஸ்ட் அவென்யூ 1இல். ஈஸ்ட், வெஸ்ட் என்று இரண்டு இருக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியும். பாபநாசம் பார்த்து வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்?

அன்று மாலை வீடியோவில் உட்கார்ந்தோம். நம் அஞ்சல் குறியீட்டைச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு இலக்கம். முதல் இரண்டும் வட்டாரம். 76 என்றால் ஈசூன், 64 ஜூரோங் வெஸ்ட், 60 ஜூரோங் ஈஸ்ட், 52 தெம்பனிஸ், 73 உட்லண்ட்ஸ். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடாக இருந்தால் பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணாகவே இருக்கும். முகவரியில் சந்தேகம் வந்தால் குறியீட்டைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். கேட்டுக்கொண்டார். மறுநாள் எக்செல்லில் ஒரு புதிய வரிசை முளைத்திருந்தது, முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் பிரித்து. அதை வைத்து அடுக்கினால் ஒரு வேனுக்கு ஒரு நாளில் ஒரு வட்டாரம், மிஞ்சினால் பக்கத்து வட்டாரம். பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. டீசல் செலவு குறைந்தது, ஆட்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். சுற்றுலா என்று கேலி செய்த தம்பி இப்போது பட்டியலில் ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் என்னைக் கேட்பதில்லை, நேராகத் தங்கச்சிக்குத்தான் செய்தி போடுகிறான்.

வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுகிற வேலையை ஆறாவது மாதம்தான் கொடுத்தேன். அதில் நான் எதிர்பாராத ஒரு சிக்கல். அவருடைய ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட நல்ல ஆங்கிலம். அதுதான் பிரச்சினை. "டியர் சார், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று போகும். தோ பாயோவில் ஒரு ஆன்ட்டி, எங்களிடம் ஏழு வருடமாகச் சர்வீஸ் செய்கிறவர், இதைப் பார்த்துவிட்டு மோசடி என்று நினைத்து மோசடி உதவி எண்ணான 1799க்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். அப்புறம் எனக்குப் போன். "யுவர் ஹேண்ட்போன் கெட் ஹேக் ஆ?" அவர் மேல் தப்பே இல்லை. இருக்கிற மோசடிக் காலத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

என் பழைய வாட்ஸ்அப் பதில்களில் முப்பதை எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். "ஓகே, வெட்னஸ்டே 2 பிஎம் கேன்? சேம் டீம் கம்மிங்." இந்த நடையிலேயே எழுதுங்கள் என்றேன். "இலக்கணமே இல்லையே சார்" என்றார். இல்லைதான். இப்போது அவர் போடும் "கேன், கேன், நோ ப்ராப்ளம்" என் மனைவியே நான் போட்டது என்று நினைக்கிற அளவுக்கு இருக்கிறது. ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. யாராவது கோபமாக எழுதினாலோ, தண்ணீர் ஒழுகி மரத்தரை வீணாகிவிட்டது என்றாலோ, பதில் போடாமல் எனக்குத் தள்ளிவிட வேண்டும். கோபப்படுகிறவருக்கு முதலாளி குரல் வேண்டும், நல்ல பதில் அப்புறம்தான்.

தகவல் விஷயத்தில் நான் ஆரம்பத்தில் அசட்டையாக இருந்தேன். பெயர், போன் எண், முகவரி எல்லாமே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. 2012இல் வந்த சட்டம் அது. வெளிநாட்டில் ஒருவர் கைக்கு அந்தத் தகவல் போனால், இங்கே இருக்கிற அளவுக்கு அங்கேயும் பாதுகாப்பு இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு. அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதினோம். ஆனால் சட்டத்தைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. ஒரு நாள் எக்செல்லின் குறிப்புக் கட்டத்தைப் பார்த்தால், "சாவி ஷூ ரேக்குக்குள், இரண்டாவது தட்டு." வேலைக்குப் போகிற பல வாடிக்கையாளர்கள் எங்களை நம்பி அப்படி வைத்துவிட்டுப் போவார்கள். யார் வீட்டில், எந்த நாளில், சாவி எங்கே என்று ஒரு தாள் முழுக்க! தங்கச்சி தப்பு செய்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் கணினி தொலைந்தால்? அன்றே எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது சாவி, கொண்டோ நுழைவுக் குறியீடு எல்லாம் அன்று காலை வாடிக்கையாளரிடமிருந்து நேராக டெக்னீஷியனுக்குப் போகும், எங்கேயும் எழுதப்படாது.

கடவுச்சொற்களும் இப்போது ஒரு கடவுச்சொல் மேலாளர் செயலி வழியாகத்தான். அவர் உள்ளே போகலாம், சொல்லை நேராகப் பார்க்க முடியாது. வாட்ஸ்அப் பிசினஸில் போனோடு நாலு சாதனங்கள் வரை இணைக்கலாம், ஒன்று அவருடையது. சிங்பாஸை, அதாவது அரசாங்கச் சேவைகளுக்கான நம் மின் அடையாளத்தை, யாருக்கும் கொடுக்கக் கூடாது, மனைவிக்குக்கூட. அரசாங்க வேலைகளில் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுப்பதற்கென்றே கார்ப்பாஸ் இருக்கிறது. வங்கியில் அவருக்கு எந்த வாசலும் இல்லை. இன்வாய்ஸ் தயாரிப்பார், அனுப்புவது நான்.

பணம் அனுப்புவதில் ஆரம்பத்தில் குழம்பினேன். 2023 பிப்ரவரியில் இங்கே இருக்கிற பேநவ், இந்தியாவின் யுபிஐ இரண்டையும் இணைத்ததும் வேலை சுலபம் என்று நினைத்தேன். அது தனிநபர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ள வந்தது, கடைச் செலவுக்கு இல்லை. நிறுவனக் கணக்கிலிருந்து முறையாக வெளிநாட்டுப் பரிமாற்றமாக அனுப்புகிறோம். மாதம் ஓர் இன்வாய்ஸ் அவர் தருவார், "வேலை முழுவதும் இந்தியாவிலிருந்து செய்யப்பட்டது" என்ற வரியோடு. வேலை முழுக்க வெளிநாட்டில் நடப்பதால் இங்கே வரிப் பிடித்தம் இல்லை என்று எங்கள் கணக்காளர் சொன்னார். வருமான வரிக்கு 5 வருடம் அந்தக் காகிதங்களை வைத்திருக்க வேண்டும். அவர் இங்கே வந்து உட்கார்ந்து வேலை பார்ப்பதாக இருந்தால் மனிதவள அமைச்சின் பாஸ் வேண்டும், அங்கேயே இருந்து பார்ப்பதால் வேண்டாம். சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சம்பளத்தை ரூபாயில் பேசினேன். வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அவர் வீட்டு அரிசிக் கணக்கு மாறக் கூடாது, அந்த ஏற்ற இறக்கம் என் தலையோடு போகட்டும்.

காகிதத்தில் அவர் என் ஊழியர் இல்லை, சேவை தருகிறவர். இது வெறும் வார்த்தை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், வீட்டுக் கடனுக்குப் பேங்குல வேலைச் சான்றிதழ் கேக்கிறாங்க." என்னால் அப்படி எழுதித் தர முடியாது. அவர் ஊழியர் என்று நான் கையெழுத்துப் போட்டால் அங்கே வேறு சட்டம், வேறு கணக்கு. இத்தனை மாதமாக எங்களுக்குச் சேவை தருகிறார், மாதம் இவ்வளவு கொடுக்கிறோம் என்று ஒரு கடிதம், கூடவே இன்வாய்ஸ்களும் வங்கிக் கணக்கும் கொடுத்தோம். கடன் கிடைத்தது, அலைந்துதான் கிடைத்தது. சட்டப்படி எதுவும் தர வேண்டியதில்லை என்பது முதலாளிக்கு இனிக்கிற வாக்கியம். அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்தேன். பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. அவர் போய்விட்டால் எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியும்.

இரண்டாவதாகக் கணக்கு எழுதுவதற்கு மணிலாவில் ஒருவர், மாதம் எட்டு மணி நேரம். அவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் பேச வசதி. அதில் சொல்வதற்குப் பெரிதாகக் கதை இல்லை, அதே மாதிரி ஒரு மாதக் கணக்கைக் கொடுத்துப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். அப்புறம் இணையத்தளத்துக்குப் படம் எடுக்க இங்கேயே ஒருவரை அமர்த்தியபோது ஒன்று தெரிந்தது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் உரிமை எடுத்தவருக்குத்தான். இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் அதற்கொரு வரி இருக்கிறது.

எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒரு நாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேட்டார்: "அடுத்து எங்க வேலையும் ஊருக்குப் போயிடுமா அண்ணே?" ஏணியைத் தென்காசியிலிருந்து எப்படிப் பிடிப்பார்கள் என்று நானும் சிரித்துச் சமாளித்தேன். அது போதாது என்று பிறகு தோன்றியது. யாரை எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்று எல்லாரையும் உட்கார வைத்து முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. குழுச்செய்தியில் ஒரு புதிய எண் சேர்ந்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

2025 ஜனவரி. அந்த வருடம் சீனப் புத்தாண்டு ஜனவரி 29. அதற்கு முந்தைய நாலு வாரம் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, சிங்கப்பூரே வீட்டைச் சுத்தம் செய்கிற காலம். நடுவில் பொங்கல். நமக்கு இங்கே பொது விடுமுறை இல்லை, அவருக்குத் தலை நிமிர முடியாத நாலு நாள். டிசம்பரிலேயே கேட்டுவிட்டார். "பார்க்கலாம்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மனைவி என்னிடம் வந்தார், தங்கச்சி தனக்குச் செய்தி அனுப்பியதாக. அந்த நாலு நாள் வேலையை மனைவியே பார்த்துக்கொள்கிறாராம்.

மனைவி ஒன்றரை வருடமாக அந்த வேலையைத் தொடவே இல்லை. மாமியார் அதற்குள் கொஞ்சம் தேறி, மெல்ல எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். முதல் நாள் காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, தங்கச்சி எழுதிய கோப்பைப் பார்த்துக்கொண்டே வேன்களை அடுக்கினார். நான் ஒரு பக்கத்துக்குச் சொன்னது அங்கே 31 பக்கம் ஆகியிருந்தது. எந்த வட்டாரத்துக்கு எந்த வேன், தோ பாயோ ஆன்ட்டிக்கு வியாழக்கிழமை ஆகாது, அங் மோ கியோவில் ஒரு வீட்டு நாய்க்கு நம் ஆட்களில் ஒருவரை மட்டும் பிடிக்கும். மனைவி யாரையும் எதுவும் கேட்கவில்லை. 11 மணி வாக்கில் அவர் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

27ஆம் பக்கம். "சாரிடம் கேட்க வேண்டியவை" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே மூன்றாவது வரி: "சார் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். அக்காவிடம் கேட்கவும்."